அவள் அளவில் ஒரு சட்டை



திருச்சியிலிருந்து சென்னை செல்லும் நெடுஞ்சாலையில், பெரம்பலூருக்குச் சற்றுத் தெற்கே அமைந்துள்ளது சிறுவாச்சூர். திங்களும் வெள்ளியும் மதுரகாளியம்மன் கோயிலுக்கு வருவோரால் நிறைந்திருக்கும் இவ்வூர், ஏனைய நாட்களில் சுற்றுப்புறச் சிற்றூர்களைப் போலவே உழைப்பால் நிறைந்திருக்கும். பருத்தி, மக்காச்சோளம், சின்ன வெங்காயம் ஆகிய மூன்றும் இம்மண்ணின் செல்வங்கள். களையெடுப்பு, பருத்தி பறிப்பு, கதிர் ஒடிப்பு, வெங்காயத்தின் தாளறுத்துத் தரம் பிரிப்பது என இம்மூன்று பயிர்களிலும் பெரும்பகுதி வேலை பெண்களின் கைகளில்தான் இருக்கிறது.

காலையில் காட்டுக்குச் செல்லும் இத்தாய்மார்களை நாம் அனைவரும் கண்டிருக்கிறோம். சேலைக்கு மேல் ஓர் ஆண் சட்டை, தலையில் ஒரு துண்டு, கையில் தூக்குச்சட்டி. ஞாயிறு திருப்பலிக்கு நல்ல சேலையுடுத்தி வந்த அதே தாய், திங்கட்கிழமை விடியலில் இந்தக் கோலத்தில் வரப்பில் நடக்கிறாள். பெரம்பலூரிலும் அரியலூரிலும் மட்டுமன்றித் தமிழகமெங்கும் காணக்கூடிய காட்சிதான் இது. பல்லாண்டுகளாகக் கண்டு பழகிவிட்டமையால், அச்சட்டை ஏன் அவள் மேல் வந்தது என்று நாம் கேட்பதேயில்லை. இம்மாதம் அக்கேள்வியை நம் குடும்பங்களின் முன் வைக்க விழைகிறோம்.

சட்டை சொல்லும் செய்தி

காரணங்களை எண்ணிப் பார்த்தால், அச்சட்டையை அணிவதில் எவ்வளவு அறிவு இருக்கிறது என்பது விளங்கும். மக்காச்சோளத் தோகை கத்திபோல் கையை அறுக்கும். வெடித்த பருத்திக் காயின் உலர்ந்த ஓட்டு முனை புறங்கையையும் முழங்கையையும் கீறும். சித்திரை வெயில் ரவிக்கைக்குக் கீழே திறந்திருக்கும் கையையும் முதுகையும் எரிக்கும். நாள் முழுதும் குனிந்து வேலை செய்கையில் முந்தானை நழுவும். அதைச் சரிசெய்யவே ஒரு கை வேண்டியிருக்கும். இவை அனைத்துக்கும் முழுக்கைச் சட்டை ஒரு மறுமொழி. அதில் பையும் இருக்கிறது. பெண்களின் உடைகளில் பை வைப்பதை நம் தையற்கலை மறந்தே போயிற்று. சில்லறைக்கு முந்தானை முடிச்சும் இடுப்புச் சுருக்குப்பையுமே அவளுக்கு வாய்த்தவை. கைப்பேசி வந்த பிறகு அவையும் போதவில்லை.

ஆகவே, தன் வேலைக்கு எத்தகைய உடை வேண்டும் என்பதை உழைக்கும் பெண் எவரும் சொல்லித்தராமலே கண்டுபிடித்துவிட்டாள். ஆனால் அவள் கண்டுபிடித்ததைத் தைத்துக் கொடுக்க எவரும் முன்வரவில்லை. கடைவீதியில் திருமணத்துக்குச் சேலை உண்டு, திருவிழாவுக்குச் சேலை உண்டு, வீட்டுக்கு நைட்டி உண்டு. காட்டு வேலைக்கென்று அவள் அளவில் தைத்த ஓர் உடை மட்டும் இல்லை. எனவே கணவனோ மகனோ கழித்துப்போட்ட பழைய சட்டை அவளுக்கு வேலை உடையாகிறது.

அச்சட்டையின் தோள் அவள் தோளைத் தாண்டித் தொங்குகிறது. கை விரல் நுனிவரை நீள்கிறது. சுருட்டிவிட்டால் மறைக்க வேண்டிய இடம் மீண்டும் திறந்துகொள்கிறது. மார்புப் பக்கம் பொத்தான் இழுபட்டு இடைவெளி விழுகிறது. இடுப்புப் பக்கம் துணி தளர்ந்து ஆடுகிறது. தளர்ந்து ஆடும் துணி வெறும் அழகுக் குறை அன்று. கதிரடிக்கும் இயந்திரத்தின் அருகிலும், தண்ணீர் இறைக்கும் எஞ்சினின் பட்டை சுழலும் இடத்திலும் அது உயிருக்கே உலை வைக்கும்.

பருத்திக் காட்டில் நேர்ந்தது

இது வெறும் வசதிக்குறைவு என்று எண்ணுவோருக்கு 2017-ஆம் ஆண்டை நினைவூட்டுவோம். அவ்வாண்டில் மகாராஷ்டிர மாநிலம் யவத்மால் மாவட்டத்தில், ஆள் உயரம் வளர்ந்த பருத்திச் செடிகளுக்கிடையே பூச்சிமருந்து தெளித்தவர்களுள் இருபதுக்கும் மேற்பட்டோர் நஞ்சேறி மாண்டனர். நாடே அதிர்ந்தது. அதே ஆண்டில் நம் பெரம்பலூர் மாவட்டத்துப் பருத்தி வயல்களிலும் மருந்தடித்தோர் சிலர் உயிரிழந்தனர். காப்புடை இல்லாமை அப்போது பலராலும் பேசப்பட்டது.

மருந்தைக் கையாளுவோர்க்குக் காப்புடையும் கையுறையும் கண்ணாடியும் காலணியும் வேண்டும் என்று 1971-ஆம் ஆண்டிலேயே பூச்சிக்கொல்லி விதிகள் வகுத்துவிட்டன. ஏட்டில் உள்ள அவ்விதி வரப்புக்கு வந்து சேரவில்லை. வந்து சேர்ந்த சிறிதளவும் ஆண்களை எண்ணியே வந்தது. மருந்தடிப்பது ஆண் வேலை என்ற எண்ணமே இதற்குக் காரணம். தெளிப்பவர் பெரும்பாலும் ஆணே என்பது உண்மைதான். ஆனால் குடம் குடமாகத் தண்ணீர் சுமந்து ஊற்றுபவள் யார்? பல வீடுகளில் மருந்தைக் கரைத்துக் கொடுப்பவள் யார்? மருந்து காயுமுன் அதே செடிகளுக்கிடையே குனிந்து களையெடுப்பவள் யார்? மாலையில் மருந்து தோய்ந்த உடையை வெறுங்கையால் கசக்கித் துவைப்பவள் யார்?

ஆண்களுக்கென அமைந்த ரப்பர் கையுறையை அவள் அணிந்தால் விரல் நுனிகள் வெறுமையாக மடிகின்றன. குப்பியின் மூடியைத் திறக்க இயலாமல் அதைக் கழற்றி வைத்துவிடுகிறாள். முகக்கவசம் கன்னத்தோடு ஒட்டாமல் இடைவெளி விடுகிறது. அவ்வழியே நச்சுக் காற்று நுழைகிறது. காலணி பெரிதாக இருப்பதால் சேற்றில் கழன்றுகொள்கிறது. கணவனே இல்லாத வீட்டில் அவளே டேங்கைத் தோளில் மாட்டவேண்டிய நிலை வந்தால், 16 லிட்டர் கொள்ளும் அந்த டேங்க் நிரம்பியபின் 20 கிலோ எடையை நெருங்குகிறது. அதன் வாரோ அவள் தோளிலிருந்து சரிகிறது.

மேலும் ஒன்றை நம் குடும்பங்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும். கணவன் மருந்தடிக்கையில் அணிந்து பழையதாகிப்போன சட்டையே பல இடங்களில் மனைவிக்கு வந்து சேருகிறது. நஞ்சைத் தடுக்கவேண்டிய உடையே நஞ்சின் எச்சத்தைச் சுமந்து வருகிறது. இதை நாம் அறிந்தே செய்கிறோமா?

அளவுகோல் யாருடையது?

பொருளைச் செய்பவன் முதலில் ஓர் உடலை மனத்தில் வைத்துக்கொண்டுதான் செய்கிறான். அந்த உடல் வழக்கமாக ஓர் ஆணுடைய உடலாகவே இருந்துவந்திருக்கிறது. மம்பட்டியின் கைப்பிடிப் பருமனும், களைக்கருவியின் நீளமும், தெளிப்பானின் வாரும் அவ்வாறே அமைந்தன. நூறு நாள் வேலை என்று மக்கள் அழைத்த திட்டத்தில், தமிழகத்தில் அண்மை ஆண்டுகளில் உழைத்த நாட்களுள் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் பெண்களுடையவை. ஆயினும் அவர்கள் பிடித்த மம்பட்டி ஆண்களின் கைக்கு அமைந்த மம்பட்டியே.

போபால் நகரில் 1976-ஆம் ஆண்டில் தோன்றிய மத்திய வேளாண் பொறியியல் நிறுவனத்தார் இக்குறையை உணர்ந்து ஓர் அரிய பணியைச் செய்தனர். பல மாநிலங்களைச் சேர்ந்த பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட உழவுத் தொழிலாளரை, ஆண் பெண் இருபாலாரையும், தலை முதல் கால்வரை 79 வகையாக அளந்து 2009-இல் நூலாக வெளியிட்டனர். சராசரியில் பெண் ஆணைவிட ஏறத்தாழ 12 சென்டிமீட்டர் குட்டை என்பதும், அவளது தசை வலிமை ஆணுடையதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு என்பதும் அதில் தெளிவாயின. இது பெண்ணின் குறையைச் சொல்லும் கணக்கன்று. கருவியின் குறையைச் சொல்லும் கணக்கு.

கணக்குக் கிடைத்தபின் வழியும் பிறந்தது. மக்காச்சோளக் கதிரைக் கையால் உதிர்த்து விரல் புண்ணாகும் பெண்களுக்காக, உட்புறம் பற்களமைந்த ஒரு சிறு குழாயை அந்நிறுவனம் ஆக்கித் தந்தது. கதிரை அதனுள் நுழைத்துத் திருகினால் மணி உதிரும். வேளாண் பல்கலைக்கழகங்களின் மனையியல் துறைகள், இடுப்பில் மடி கட்டிப் பருத்தி பறிப்பதால் முதுகுக்கு வரும் நோவைக் குறைக்க, தோளில் மாட்டும் பைகளை வடிவமைத்தன. 1996-இல் புவனேசுவரத்தில் வேளாண் பெண்டிருக்கெனவே ஒரு மத்திய ஆராய்ச்சி நிலையம் தோன்றியது. அறிவும் ஆராய்ச்சியும் நாட்டில் இல்லாமலில்லை. அவை நம் ஊர்க் கடைகளில்தான் இல்லை. கேட்பவர் இல்லாத பொருளைக் கடைக்காரர் வாங்கி வைப்பதில்லை.

காலணியின் கதையும் இதுவே. நெடுங்காலம் நாம் அணிந்தது இங்கிலாந்தும் ஐரோப்பாவும் வகுத்த அளவுகளை. இந்தியக் கால்களை அளந்து பார்க்கச் சென்னையிலுள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் 2021 திசம்பர் முதல் 2022 மார்ச் வரை ஓர் ஆய்வு நடத்தியது. நாடெங்கும் 79 இடங்களில் ஓரிலட்சத்துக்கும் மேற்பட்டோர் அதில் அளக்கப்பட்டனர். நம்மவர் பாதம் பொதுவாக அகன்றது என்பதும், பெண்ணின் பாதம் பதினொரு வயதளவிலேயே தன் வளர்ச்சி உச்சத்தை அடைகிறது, ஆணுடையதோ பதினைந்து பதினாறில்தான் அடைகிறது என்பதும் அதில் வெளிப்பட்டன. இந்நாட்டுக்கென ‘பா’ என்ற புதிய அளவுமுறையும் முன்மொழியப்பட்டது.

இந்தச் செய்தி நம் மாவட்டத்துக்கு மிக அருகில் வருகிறது. பெரம்பலூர் மாவட்டம் எறையூரில் 2023 நவம்பரில் ஒரு பெரிய காலணி ஆலை திறக்கப்பட்டது. தமிழகத்துக் காலணித் தொழிலில் வேலை செய்வோருள் பெண்களே மிகுதி. உலகத்தாரின் கால்களுக்குப் பொருந்தும் காலணியை நம் பெண்கள் செய்யக்கூடுமானால், பருத்திக் காட்டில் முள்ளையும் பாம்பையும் மிதித்து நடக்கும் அவர்களுடைய தாய்மாரின் கால்களுக்கேற்ற ஒன்றைச் செய்ய இயலாதா?

உடையளவுக்கும் இதுபோன்ற முயற்சி உண்டு. தேசிய ஆடை வடிவமைப்பு நிறுவனம், ஆறு நகரங்களில் 25,000 பேரை அளந்து இந்திய உடலுக்கேற்ற ஆடை அளவுகளை வகுக்கும் பணியில் இறங்கியது. போற்றத்தக்க பணி. எனினும் அந்த ஆறும் நகரங்கள் என்பதை நாம் கவனிக்காமலிருக்க முடியாது. சிறுவாச்சூர்ப் பக்கத்துக் காட்டில் களைக்கொத்துப் பிடித்திருக்கும் பெண்ணைத் தேடி அளவு நாடா வந்துசேர இன்னும் எத்தனை நாளாகும்?

சாலையிலும் விண்ணிலும்

காட்டைவிட்டுச் சாலைக்கு வருவோம். நம் ஊர்ச் சட்டங்களுள் பெண்ணின் உடையை எண்ணிப் பார்த்து எழுதப்பட்ட ஒன்று உண்டு. 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123-ஆம் விதி, மோட்டார் சைக்கிளில் பின்னால் அமர்பவருக்குக் கைப்பிடியும் கால்வைக்க இடமும் வேண்டுமென்கிறது. அவரது உடை சக்கரத்தில் சிக்காவண்ணம் பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாத பகுதியை மறைக்கும் காப்பும் வேண்டுமென்கிறது. நாம் ‘சாரி கார்டு’ என்பது இதைத்தான். எத்தனை உயிர்களை அந்தக் கம்பித் தட்டி காத்திருக்கும்! சேலையை மாற்று என்று அது பெண்ணிடம் சொல்லவில்லை; வண்டியை மாற்று என்று செய்தவனிடம் சொன்னது. நாம் வேண்டுவதும் அவ்வளவே. ஆனால் வண்டி வாங்கியவுடன் அழகு கெடுகிறதென்று அந்தத் தட்டியைக் கழற்றிவிடும் இளைஞர்கள் நம் வீடுகளிலேயே இருக்கிறார்கள். நெடுஞ்சாலையில் அந்த வண்டியின் பின்னால் அமரப்போவது அவனுடைய தாய்தான்.

தலைக்கவசத்தைப் பாருங்கள். பின்னால் அமர்வோரும் அதை அணிய வேண்டுமென்பது சட்டம். கொண்டை முடிந்த தலையில் அது முழுமையாக இறங்குவதில்லை. அரைகுறையாக நிற்கும் கவசம் விபத்தில் கழன்று தெறிக்கும். கொண்டையைத் தளர்த்திப் பின்னலாக்கிக்கொண்டு கவசம் அணியுமாறு நம் பெண்களுக்குச் சொல்லித்தருவோம். கொண்டைக்கு இடம் விட்டுக் கவசம் செய்யுமாறு செய்பவர்களையும் கேட்போம்.

இக்குறை ஏழை நாட்டுக்கு மட்டும் உரியதன்று. கார்களை மோதவிட்டுச் சோதிக்கும் பொம்மை பல பத்தாண்டுகளாக நடுத்தர உடலமைப்புள்ள ஆணின் அளவிலேயே இருந்தது. பெண் பொம்மை என்று பின்னர் வைத்ததும் அந்த ஆணையே சிறிதாக்கிய உருவம்தான். வாரணிந்து ஓட்டிய பெண்கள் மோதலில் கடுங்காயமுறும் வாய்ப்பு, அதே நிலையிலுள்ள ஆண்களைவிட 47 விழுக்காடு மிகுதி என்று 2011-இல் அமெரிக்க ஆய்வொன்று காட்டிற்று. சராசரிப் பெண்ணின் உடலை ஒத்த சோதனைப் பொம்மையைச் சுவீடன் நாட்டு ஆராய்ச்சியாளர் ஆஸ்ட்ரிட் லிண்டரின் குழு 2022-இல்தான் உலகுக்குக் காட்டியது. விண்வெளியில்கூட இதுவே கதை. 2019 மார்ச்சில் இரு பெண்கள் சேர்ந்து விண்ணில் நடக்க இருந்த நிகழ்ச்சி, அவர்களுக்குப் பொருந்தும் நடுத்தர அளவு உடை ஒன்றே ஆயத்தமாக இருந்தமையால் மாற்றப்பட்டது. அவ்வாண்டு அக்டோபர் 18-இல் கிறிஸ்டினா கோக், ஜெசிக்கா மெயர் என்ற இரு பெண்மணிகள் அந்நடையை நிறைவேற்றினர். ஏழே மாதத்தில் குறை தீர்ந்தது. காரணம், உலகம் முழுவதும் அதைப் பற்றிக் கேட்டது. நம் வயற்காட்டுப் பெண்ணுக்காகக் கேட்பவர் யார்?

“பழகிப்போச்சு” என்ற சொல்

அவளிடமே கேட்டால், “பழகிப்போச்சுங்க” என்பாள். அந்த ஒரு சொல்லில்தான் இக்குறை முழுவதும் ஒளிந்திருக்கிறது. பொருந்தாத பொருளோடு ஆண் மல்லுக்கு நிற்கிறான். மாற்றித் தரக் கேட்கிறான். பெண்ணோ தன் உடலை வளைத்து அப்பொருளுக்குப் பொருந்திக்கொள்கிறாள். அவள் பொருந்திக்கொண்டதால் பொருள் சரியாக இருக்கிறதென்று செய்தவன் எண்ணிக்கொள்கிறான். மாலையில் அவளுக்கு வரும் தோள்வலியும், அரிப்பும், தலைச்சுற்றலும் எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. “பொம்பளைக்கு எப்போதும் ஏதாவது ஒரு நோவு” என்று வீடும் கடந்துவிடுகிறது.

உடையைப் பற்றிப் பேசுவது நாணத்துக்குரியது என்று நம்மில் சிலர் கருதலாம். நாம் இங்கே பேசுவது நாகரிகத்தையன்று. சேலையைக் கைவிடு என்றும் நாம் சொல்லவில்லை. உழைக்கும் உடலுக்குரிய காப்பையே பேசுகிறோம். மாட்டுக்கு லாடம் அடிக்கையில் அதன் குளம்பைப் பார்த்தே அடிக்கிறோம். நுகத்தடியை அதன் கழுத்தைப் பார்த்தே செதுக்குகிறோம். வீட்டின் பெண்ணுக்கு அந்த அளவு கவனத்தையேனும் தர வேண்டாமா?

நாம் செய்யக்கூடியவை

அரசும் ஆலைகளும் செய்யவேண்டியவை பல உள்ளன. ஆனால் நம் கையிலேயே உள்ளவை சில.

முதலாவது, ஒவ்வொரு குடும்பமும் தன் வீட்டில் காட்டு வேலைக்குச் செல்லும் பெண்ணுக்கு அவள் அளவிலேயே ஒரு வேலைச்சட்டை தைத்துக் கொடுக்கட்டும். பருத்தித் துணி; தோள் அவள் தோளோடு நிற்க வேண்டும்; மணிக்கட்டில் பொத்தானிட்டு மூடும் முழுக்கை; குனிந்தாலும் இடுப்பை மறைக்கும் நீளம்; கழுத்தை மறைக்கும் காலர்; பொத்தானிட்டு மூடும் இரண்டு பைகள். பாலூட்டும் தாய்க்கு முன்திறப்பு எளிதாக இருக்கட்டும். ஒரு நல்ல தையற்காரருக்கு இது அரைநாள் வேலையும் அன்று. திருவிழாவுக்கு எடுக்கும் சேலையின் விலையோடு ஒப்பிட்டால் செலவும் பெரிதன்று.

இரண்டாவது, மருந்தடிக்கும் நாளுக்கென உடையைத் தனியே வைத்து, கையுறையணிந்து தனியே துவைத்து, வேறெவரும் அணியாதபடி பார்த்துக்கொள்வோம். பழையதானபின் அது மனைவியின் வேலைச்சட்டையாக மாறவேண்டாம். கையுறை, முகக்கவசம், காலணி வாங்கும்போது அவளையும் கடைக்கு அழைத்துச் சென்று அணிந்து பார்த்து வாங்குவோம். சிறிய அளவு இல்லையெனில் வரவழைத்துத் தரும்படி கடைக்காரரிடம் கேட்போம். பத்துப் பேர் கேட்டால் பதினோராம் நபருக்கு அது கடையிலேயே இருக்கும்.

மூன்றாவது, நம் கன்னியர் மடங்கள் பலவற்றில் நெடுங்காலமாகத் தையல் வகுப்புகள் நடந்துவருகின்றன. மகளிர் குழுக்களும் தையல் எந்திரங்கள் வைத்திருக்கின்றன. அங்கே பயிலும் பெண்கள் ரவிக்கையும் குழந்தைச் சட்டையும் கற்பதோடு, இந்த வேலைச்சட்டையையும் ஒரு பாடமாகக் கற்கலாம். பங்குதோறும் பத்துப் பெண்களை அளந்து சிறிது, நடுத்தரம், பெரிது என்று மூன்று அளவு வகுத்துவிட்டால், அறுவடைக் காலத்துக்கு முன்னரே தைத்து விற்கலாம். தைப்பவளுக்கு வருவாய், அணிபவளுக்குக் காப்பு.

இவை எல்லாவற்றுக்கும் முதற்படி ஒன்றே. நாளை காலை அவள் காட்டுக்குப் புறப்படுமுன், வீட்டிலுள்ள அளவு நாடாவை எடுத்து, அவள் தோளகலத்தையும் கை நீளத்தையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். இத்தனை ஆண்டுகளில் அவளை அவளுடைய வேலைக்காக எவரேனும் அளந்தது அதுவே முதன்முறையாக இருக்கக்கூடும்.